நின்ற வண்டியும் நில்லாத அவசரமும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்த ஊர்கள் நம் நாட்டில் உண்டு. வந்த மழையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடும் ஊர்களும் உண்டு. இந்த இரண்டு பெருமையும் ஒருங்கே வாய்க்கப் பெற்றது நம் சென்னை மாநகரம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்த இதே நகரம்தான், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் மிதந்தது.

வெள்ளத்தைப் பற்றி நம் கல்லூரி மலரில் கவிதைகள் வந்திருக்கின்றன, கட்டுரைகளும் வந்திருக்கின்றன. நான் எழுதப் போவது வெள்ளத்தில் நின்றுபோன ஒரு காரைப் பற்றி. "கலைக் கல்லூரி மலரில் கார் எஞ்சினுக்கு என்ன வேலை?" என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். பொறுமையோடு படித்துவிட்டுப் பிறகு நகைக்குமாறு வேண்டுகிறேன்.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும், நான் இந்தக் கல்லூரிக்கு வருவதும் அந்த டீசல் வண்டியின் நான்கு சக்கரங்களால்தான். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் கரையை நெருங்கிக் கொண்டிருந்தது. தாம்பரத்தில் உறவினர் வீட்டு விசேஷம் முடிந்து, அப்பாவும் நானும் இரவில் வேளச்சேரிக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். பள்ளிக்கரணையைத் தாண்டும்போதே சாலை எது, சதுப்பு நிலம் எது என்று தெரியவில்லை. எங்கள் தெருவுக்கு இன்னும் இரண்டு திருப்பங்கள் இருக்கையில், எதிரே ஒரு லாரி வேகமாக வந்தது. அது தள்ளிய அலை எங்கள் வண்டியின் முன்மூடி மேலேறிக் கண்ணாடியில் அடித்தது. வண்டி ஒரு முறை இருமியது, நின்றுவிட்டது.

அப்பா சாவியிலிருந்து கையை எடுத்துக் கொண்டார். "இறங்குடா, தள்ளிக்கிட்டே போயிடலாம்" என்றார். நான்தான் கேட்கவில்லை. "தண்ணி ஏறிக்கிட்டே இருக்குப்பா. ஒரே ஒரு தடவை போட்டுப் பாரு" என்றேன். அவர் தயங்கினார். நான் மீண்டும் சொன்னேன். அவர் சாவியைத் திருகினார். முதல் முறை முனகல். இரண்டாம் முறையும் முனகல். மூன்றாம் முறை எஞ்சின் பற்றிக் கொண்டது, "பார்த்தியா!" என்று நான் வாய் திறப்பதற்குள், இரும்பை இரும்பால் அடித்தாற்போல ஒரு சத்தம். அதன் பிறகு வண்டி பேசவில்லை.

அந்த ஒரு சத்தத்துக்கு நாங்கள் கொடுத்த விலை 1,10,000 ரூபாய். ஏழு வாரப் பிழைப்பு. அதைவிட, "ஒரு தடவை போட்டுப் பாரு" என்று சொன்ன வாய் என்னுடையது என்ற நினைவு இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. அதனால்தான் இக்கட்டுரை.

இரண்டு மூடித் தண்ணீர்

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போய்ப் பட்டறையில் விட்டோம். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் அண்ணன், மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடை எடுத்து என் கையில் கொடுத்தார். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கெட்டியான எஃகுத் துண்டு அது. சம்மட்டியால் அடித்தாலும் அசையாது என்று தோன்றும். அது இடுப்பு ஒடிந்தவனைப் போல வளைந்திருந்தது. "இதை வளைச்சது எது தெரியுமா தம்பி? தண்ணி" என்றார்.

தண்ணீர் எஃகை வளைக்குமா? வளைக்கும் என்பதை அவர் விளக்கிய விதத்தை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. எஞ்சின் மூச்சு விட்டுப் பிழைக்கும் பொருள். காற்றை இழுக்கிறது, இழுத்த காற்றைப் பிஸ்டன் மேலே வந்து நசுக்குகிறது, நசுங்கிச் சூடான காற்றில் டீசல் தெளிக்கப்பட்டு வெடிக்கிறது. காற்று நசுங்கும். ஆனால் தண்ணீர் நசுங்காது. காற்று வரும் குழாய் வழியே தண்ணீர் வந்துவிட்டால், மேலே ஏறி வரும் பிஸ்டன் கல்லில் மோதுவதுபோல் மோதி நிற்கிறது. கீழேயிருந்து தள்ளும் சக்தி நிற்பதில்லை. இடையில் அகப்பட்ட ராட் வளைகிறது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? எங்கள் வண்டி 1,248 சி.சி. சிலிண்டர்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 312 சி.சி. அந்தக் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 17இல் ஒரு பங்காக நசுக்குகிறது என்று வைத்துக் கொண்டால், மேலே எஞ்சும் இடம் 20 மில்லிக்கும் சற்றுக் குறைவு. இருமல் மருந்துப் புட்டியின் 10 மில்லி மூடியால் இரண்டு மூடி! பெட்ரோல் எஞ்சின் 10இல் ஒரு பங்காக நசுக்குவதாகக் கொண்டால், 1,200 சி.சி. வண்டியில் அந்த இடம் 33 மில்லி. அதுவும் மூன்று மூடி, கொஞ்சம் கூட. தெருவெல்லாம் வெள்ளம் ஓட வேண்டியதில்லை. எஞ்சினைக் கொல்ல இரண்டு மூடித் தண்ணீர் போதும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். தண்ணீருக்கும் அது பொருந்தும் என்று அன்றுதான் அறிந்தேன்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெதுவாகப் போகும்போது தண்ணீரைக் குடித்த எஞ்சின் பல நேரங்களில் சேதமின்றியே நின்று விடுகிறது. நிற்பது ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை மதித்து, இன்ஜெக்டர்களைக் கழற்றி, பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால், உள்ளே புகுந்த தண்ணீர் ஓட்டை வழியே பீச்சிக் கொண்டு வெளியே வந்துவிடும். ஏர் ஃபில்டரை மாற்றி, பாலும் டீயும் கலந்தாற்போல வெளுத்த எஞ்சின் ஆயிலை வடித்துப் புதிய ஆயில் ஊற்றி, ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பின் கிளப்பினால் வண்டி பிழைக்க வழி உண்டு. சில ஆயிரங்களோடு போயிருக்கும். நாம் செய்வதென்ன? மீண்டும் சாவியைத் திருகுகிறோம். எஞ்சின் மேலும் தண்ணீரைக் குடிக்கிறது. நல்ல நிலையில் உள்ள சிலிண்டர்கள் பற்றிக் கொண்டு தள்ள, தண்ணீர் நின்ற சிலிண்டர் எதிர்த்து நிற்க, ராட் வளைகிறது. ஆகவே வண்டியை நிறுத்தியது வெள்ளம். முறித்தது எங்கள் அவசரம்.

தாத்தா சொன்னது தவறா?

நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. என் தாத்தாவும் ஓட்டுநர்தான். அம்பாசடர் ஓட்டியவர். மழையில் வண்டி நின்றால் முன்மூடியைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் வயர்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, மீண்டும் கிளப்பிக் கொண்டு போன கதைகளை அவர் நூறு முறை சொல்லியிருக்கிறார். துடைத்துவிட்டுக் கிளப்புவதே ஆண்மை என்பதுபோல அக்கதைகள் என் மனத்தில் பதிந்திருந்தன.

தாத்தா பொய் சொல்லவில்லை. அந்தக் கால பெட்ரோல் வண்டியில் முதலில் நனைவது மின்பொறி தரும் பாகம். பொறி இல்லையேல் எஞ்சின் இல்லை. தண்ணீர் மூச்சுக் குழாயை எட்டுவதற்கு முன்பே வண்டி தானாக நின்றுவிடும். அந்தக் குறையே அதற்குக் காவலாக இருந்தது. துடைத்தால் ஓடும். இன்றைய வண்டிகளில் அப்பாகங்கள் நன்றாக மூடிக் காக்கப்படுகின்றன. டீசல் எஞ்சினுக்கோ பொறியே தேவையில்லை. ஆகவே இன்றைய எஞ்சின் தண்ணீர் மூக்கை எட்டும்வரை ஓடிக் கொண்டே இருக்கிறது. அது நிற்கிறது என்றால், பெரும்பாலும் தண்ணீரைக் குடித்துவிட்டது என்று பொருள். அன்று நின்ற வண்டி நனைந்த வண்டி. இன்று நின்ற வண்டி மூழ்கிய வண்டி. அன்றைய மருந்து இன்றைக்கு நஞ்சு.

வரலாறு படிக்கும் மாணவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. முன்னோர் சொன்னதை அப்படியே பின்பற்றுவது அறிவாகாது. அப்படியே தள்ளிவிடுவதும் அறிவாகாது. எந்தச் சூழலில், எந்தப் பொருளை வைத்துக் கொண்டு அவர்கள் அதைச் சொன்னார்கள் என்று கேட்பதே அறிவு. இந்தக் கேள்வியை நான் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது கேட்கத் தவறினேன்.

யார் குற்றம்?

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சர்வேயர் வந்தார். கண்ணியமானவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வண்டி தண்ணீரில் நின்ற பிறகு மறுபடியும் ஸ்டார்ட் செய்தீர்களா?" என்று கேட்டார். அப்பா, "ஆமாம் சார், நான்தான் செய்தேன்" என்றார். அருகில்தான் நான் நின்று கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை.

முழுக் காப்பீட்டுப் பத்திரத்தில் வெள்ளத்தால் நேரும் சேதத்துக்கு இடம் உண்டு. ஆனால் 'தொடர் விளைவான இழப்பு'க்கு இடம் இல்லை. வெள்ளத்தில் இருக்கை நனைந்தால் அது வெள்ளத்தின் சேதம். நின்ற வண்டியைக் கிளப்பி எஞ்சின் முறிந்தால் அது ஓட்டியவர் வருத்திக் கொண்ட விளைவு என்று வாதிடுகிறார்கள். எஞ்சினுக்கென்றே தனிப் பாதுகாப்பு ஒன்று உண்டு. தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக் கொள்ள வேண்டும். வண்டிக்கு வயதாகிவிட்டால் பெரும்பாலும் தருவதில்லை. எங்களிடம் அது இல்லை. அப்படி ஒன்று உண்டு என்பதை ராட் வளைந்த பிறகுதான் அறிந்தோம். எஞ்சினுக்காகக் கேட்ட பணம் மறுக்கப்பட்டது.

சட்டப்படி அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் தண்ணீர் தேங்கும் என்று ஊருக்கே தெரிந்த நகரத்தில் பத்திரம் விற்பவர்கள், "வண்டி தண்ணீரில் நின்றால் கிளப்பாதீர்கள், கிளப்பினால் பணம் வராது" என்ற இரண்டே வரியைத் தமிழில், கொட்டை எழுத்தில் முதல் பக்கத்தில் அச்சிடக் கூடாதா? பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் உள்ளதை அறியாதது ஏழையின் குற்றமென்றால், அறிவிக்காதது யார் குற்றம்?

இன்னும் ஒரு படி மேலே போவோம். தெருவில் தண்ணீர் ஏன் நின்றது? சென்னையின் தியாகராய நகர் 1920களில் ஏரி இருந்த நிலத்தில் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரியைத்தான் காணோம். 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்குள் அதன் பெரும் பகுதி வீடாகவும் சாலையாகவும் குப்பை மேடாகவும் மாறிவிட்டது. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. இயற்கையின் சீற்றம்தான்; மறுக்கவில்லை. ஆயினும் 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. தண்ணீர் தன் வீட்டைத் தேடி வந்தது. அங்கே நாம் குடியிருந்தோம்.

ஆகவே எங்கள் எஞ்சினை முறித்த குற்றத்தில் பங்குதாரர் பலர். ஏரியை விற்றவர், வாங்கியவர், வடிகாலை மறந்தவர், பொடி எழுத்தில் அச்சிட்டவர் என்று வரிசை நீளும். அந்த வரிசையின் கடைசியில் நானும் நிற்கிறேன். மற்றவர் பங்கைச் சொல்லி என் பங்கை மறைக்க நான் விரும்பவில்லை. என் பங்கைச் சொல்லி மற்றவர் தப்பிக்கவும் விடமாட்டேன்.

எல்லோருக்குமான அறிவு

"கார் வைத்திருப்பவன் கவலை நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கார் என்றாலே செல்வர் வீட்டுப் பொருள் என்ற எண்ணம் பழையது. நம் வகுப்பறைகளில் வாடகைக் கார், ஆட்டோ, மீன் வண்டி, சிறு சரக்கு வண்டி ஓட்டுபவர் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். செல்வருக்குக் கார் நின்றால் மறுநாள் வேறு கார். எங்களுக்கு நின்றது உலை.

ஆகவே என் அனுபவத்தில் கற்றதைச் சொல்லி விடுகிறேன். தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். சக்கரத்தின் பாதி உயரத்தைத் தாண்டுமென்று தோன்றினால் திரும்பி விடுங்கள். சுற்று வழி நட்டமாகாது. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதல் கியரில், நிதானமாக, இடையில் நிறுத்தாமல் செல்லுங்கள். எதிரே லாரியோ பேருந்தோ வந்தால் மேட்டில் நின்று அதைப் போக விடுங்கள், அலைதான் எமன். தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி உலர்த்துங்கள். வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யச் சாவியைத் திருகாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்து மேட்டுக்குத் தள்ளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரியும்படி புகைப்படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். மெக்கானிக் பார்க்கும்வரை யார் சொன்னாலும் கிளப்பாதீர்கள்; பெற்ற பிள்ளை சொன்னாலும்! வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டியைத் தண்ணீர் மூழ்கடித்து வடிந்திருந்தாலும் இதே விதிதான்.

நான் ஓட்டுநர் உரிமம் வாங்கியபோது எட்டு போட்டுக் காட்டச் சொன்னார்கள், போட்டேன். சாலைக் குறிகளைக் கேட்டார்கள், சொன்னேன். வெள்ளத்தில் வண்டி நின்றால் என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒவ்வொரு சுரங்கப் பாதையின் சுவரிலும், ஒவ்வொரு தாழ்ந்த தெருவின் முனையிலும், எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறினால் எந்த வண்டி போகக் கூடாது என்று வண்ணக் கோடு தீட்டுவதற்கும் ஒரு வாளிச் சாயம் போதும். நம் கல்லூரி நாட்டு நலப் பணித் திட்ட மாணவர்கள் நினைத்தால், நகராட்சியின் இசைவு பெற்று ஒரு விடுமுறையில் செய்து முடிக்கலாம். பேராசிரியப் பெருமக்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

மக்கள் தாமாகவே சில பாடங்களைக் கற்றிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காட்சி வேறு விதமாகப் பட்டது. சென்ற ஆண்டு இழந்தவர்கள் இந்த ஆண்டு காத்துக் கொண்டார்கள். அந்த வரிசையில் எங்கள் வண்டியும் இருந்தது. புதிதாக மாற்றிய ராடோடு, கடன் பாக்கியோடு நின்றது.

அன்று இரவு பாலத்தில் வண்டியை விட்டுவிட்டு அப்பாவும் நானும் மழையில் நடந்தே வீடு திரும்பினோம். வழியில் முழங்கால் தண்ணீரில் ஒரு கார் நின்றிருந்தது. உள்ளே என் வயதுப் பையன் ஒருவன் சாவியைத் திருகப் போனான். நான் ஓடிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "கிளப்பாதே தம்பி, வா, தள்ளிவிடுகிறோம்" என்றேன். நாங்கள் மூவருமாக அதை மேட்டுக்குத் தள்ளினோம். அப்பா பேசவில்லை. வீட்டு வாசலில் காலைக் கழுவும்போது, "இதைச் சொல்றதுக்கு அன்னைக்கு நமக்கும் ஒரு ஆள் கிடைச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். ஓராண்டில் அவர் அந்த இரவைப் பற்றிப் பேசியது அந்த ஒரு முறைதான்.

அந்த ஓர் ஆள் யார்? இதைப் படிக்கும் நீங்கள்தான். அடுத்த மழை வருவதற்குள் உங்கள் வீட்டில் ஒருவருக்கு, உங்கள் தெருவில் ஒருவருக்கு, இந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள். ஏரிகளை மீட்கும் போராட்டம் நெடியது. அதை நாம் நடத்தியே தீர வேண்டும். அதுவரை, நின்ற வண்டியைக் கிளப்பாதிருக்கும் பொறுமையையேனும் கற்போம். கற்றதைப் பிறருக்கும் சொல்வோம்.